கையால் திருத்த வேண்டாம்

மல்லாவி பால் சேகரிப்பு நிலையத்தில்
கரண்ட் போய் வந்த காலைகளில் மட்டும்
கொழுப்பு அளக்கும் மெசினுக்கும் கொம்பியூற்றருக்கும்
கதைபேச்சு இல்லை.
சுகிர்தமலர் கொப்பியில் எழுதுகிறா.
எழுதியதைப் பத்து மணிக்குப் பிறகு
இருந்து திரும்ப அடிக்கிறா.

வயர் பழசு என்றார்கள், மாற்றினார்கள்.
எலி என்றார்கள்.
பால் நிலையத்துக்கு ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள்.
மூன்று மாதம் கழித்துத்தான்
எனக்குப் போன் வந்தது.

கிளிநொச்சியில் முதல் பஸ்,
மாங்குளத்தில் இறங்கி மற்ற பஸ்,
மடியில் லப்டொப், அதன்மேல் யாரோ தந்த கீரைப்பை.
எட்டு மணிக்குக் கறுப்புத் திரையில்
ஒரு கட்டளை அடித்தேன்.

யதுசன் இங்கே வேலை செய்த காலத்தில்
நெற்வேர்க்டியின் கோப்பில்
முகவரியைத் தன் கையால் எழுதியிருக்கிறான்.
மேலே ஒரு குறிப்பும்:
"யது, 14 மாசி. இதை மாத்தினால் மெசின் நிக்கும்."
அவன் கனடா போனபின் வந்த கொம்பனிப் பெடியன்
எலிக்குறியால் அமத்த ஒரு முகப்பு வேண்டுமென்று
நெற்வேர்க் மனேஜரை ஏற்றியிருக்கிறான்.
அதற்கு யதுவின் கோப்பு இருக்கும் இடமே தெரியாது.
தன் கோப்பைத் திறக்கும், படிக்கும்,
சரி என்று பச்சையில் சொல்லும்.
மற்றதும் அப்படியே.
பச்சை, பச்சை.
நடுவில் ஒரேயொரு வயர்.

பதிவேட்டைப் பின்னுக்குப் புரட்டினேன்.
இன்று விடிய 4.52.07க்கு ஒன்று முகவரி வைத்தது.
4.52.09க்கு மற்றது எழும்பி வந்து
தான் அறியாத முகவரி என்று
துடைத்து எறிந்தது.
செவ்வாய்க்கிழமை எழும்பிய ஒழுங்கு மாறி,
அன்றைக்கு மெசின் பேசியிருக்கிறது.
பூனைக்கு மீன் கிடைத்ததாம்.

பெயர் தேடும் கோப்பின் தலையில்
"கையால் திருத்த வேண்டாம், திருத்தியது அழிக்கப்படும்."
அதன்கீழே யாரோ கையால் திருத்தி,
அழிக்கப்பட்டு,
மறுபடி திருத்தி.

இருபத்தாறு லீற்றர் கொண்டுவந்த அமலதாஸ்
கானைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.
"என்ன பிள்ளை, உள்ளுக்கு ரெண்டு பேரோ?"
ஓம் என்றேன்.
"என்ர காணியும் உப்பிடித்தான்.
பெமிட் பிரதேச செயலகம் தந்தது.
நடுவில கல்லுப் போட்டது வன இலாகா.
ரெண்டும் செல்லுமாம்.
மாடு ரெண்டையும் வாசிக்காமல் மேயுது."
நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

மனேஜரை நிறுத்திப் பார்த்தேன்:
தலைமையகத்துக்குக் கணக்கு அனுப்பும் டொங்கிள் செத்தது.
அதைப் பார்ப்பது அதுதான்.
யதுவின் ஆளை நிறுத்தினால் மெசின் சாகும்.
ஆகவே இரண்டும் இருக்கட்டும்.
மனேஜரின் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்,
இந்த வயர் உன்னுடையதல்ல,
காண், ஆனால் தொடாதே.

நிலைப் பட்டியலில் அந்த வரிசை
பச்சை போய்ச் சாம்பலானது.
"என்னவாம்?" என்றார் அமலதாஸ்.
நிர்வகிக்கப்படாதது.
"அது நல்லதோ கெட்டதோ?"
இந்த வயருக்கு நல்லது என்றேன்.
அவர் அந்தச் சொல்லைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

மெயின் சுவிச்சை இறக்கச் சொன்னேன்.
குளிர்த்தொட்டியின் இரைச்சல் நின்றது.
பூனை காதைத் திருப்பியது.
ஏற்றச் சொன்னேன்.
ஒன்று எழும்பியது, மற்றது எழும்பியது,
மூன்றாம் விநாடி, நாலாம் விநாடி,
யாரும் யாரையும் துடைக்கவில்லை.
திரையில் வந்து விழுந்தது: அமலதாஸ், 4.1.

யதுவின் குறிப்புக்குக் கீழே
என் பெயரும் திகதியும் எழுதினேன்,
அடுத்ததாய் வரப்போகிற ஆளுக்கு.
சுகிர்தமலர் திரையைப் பார்த்தா,
தலையாட்டினா,
4.1 என்று கொப்பியிலும் எழுதினா.